சொல்லில் இருக்கட்டும் கனிவு

நுழையும்முன்

எழுத்துக்குக் குரல் இல்லை; முகமும் இல்லை. அவை செய்ய வேண்டிய பணியை எழுத்தில் சொற்களும் குறிகளும் பகிர்ந்துகொள்கின்றன. அலுவல் மின்னஞ்சலில் வியப்புக்குறிக்கு உரிய இடம் எது என்பது சிறிய வினாவே. அவ்வினாவின் வழியே பணிவு, கனிவு, உண்மை ஆகியவை குறித்துச் சிந்திக்க அழைக்கிறது இக்கருத்துக் கட்டுரை.

ஈரூர்களின் மடல்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். இராஜபாளையம் பஞ்சாலும் நூலாலும் வளர்ந்த ஊர். 1936ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இராஜபாளையம் மில்ஸ் முதலாகப் பல நூற்பாலைகள் அங்கே எழுந்தன. அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூரோ ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த ஊர்; 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர்.

தூது என்பதும் கடிதம் என்பதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதியவை அல்ல. ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் குயிலை அழைத்துப் பேசுகிறார். மேகத்தைத் தூதாக அனுப்புகிறார். அந்தத் தூதில் ஏக்கமும் உரிமையும் சினமும் கலந்திருக்கின்றன. இன்று அவ்வூரிலிருந்தும் இராஜபாளையத்திலிருந்தும் நாள்தோறும் புறப்படும் மடல்கள் வேறு வகையானவை. நூல் கேட்டு வரும் ஆணைக்கு மறுமொழி, துணிப்பொதி அனுப்பிய செய்தி, வரவேண்டிய தொகைக்கு நினைவூட்டல், வேலைக்கு விண்ணப்பம், கல்லூரிக்கு வேண்டுகோள் என அவை விரிகின்றன. மேகம் சுமந்த தூதை இன்று மின்னஞ்சல் சுமக்கிறது.

இன்னும் சில ஆண்டுகளில் மாணவர்களாகிய உங்களில் பலர் இத்தகைய மடல்களை எழுதப் போகிறீர்கள். அப்போது உங்கள் விரல் ஒரு குறியின்மேல் தயங்கி நிற்கும். 'நன்றி' என்று எழுதியபின் முற்றுப்புள்ளி இடுவதா, வியப்புக்குறி இடுவதா? புள்ளி இட்டால் கடுமையாகத் தோன்றுமோ? குறி இட்டால் விளையாட்டுத்தனமாகத் தோன்றுமோ? அற்பமானதாகத் தோன்றும் இந்தத் தயக்கத்துக்குள், நம் சொற்களை நாம் எவ்வளவு நம்புகிறோம் என்னும் பெரிய வினா அடங்கியிருக்கிறது.

குறிகள் வந்த வழி

வியப்புக்குறி தமிழுக்குப் பிறப்பிலேயே அமைந்தது அன்று. ஓலைச்சுவடிகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட, ஓலை கிழிந்துவிடும் என அஞ்சிப் பலர் இடாமல் விட்டனர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லாத அந்த ஏடுகளைக் கற்றறிந்தோர் வாய்விட்டுப் படித்தே பொருள் கண்டனர். எங்கே நிறுத்துவது, எங்கே குரல் உயர்த்துவது என்பன ஏட்டில் இல்லை. படிப்பவரின் பயிற்சியில் இருந்தன.

அச்சுக்கலை பரவிய பின்னரே இந்நிலை மாறியது. ஆசிரியர் அருகில் இல்லாமல் தனியே அமர்ந்து கண்ணால் படிக்கும் வாசகர் பெருகினர். அவர்களுக்கு வழிகாட்டப் புள்ளிகளும் கோடுகளும் தேவைப்பட்டன. ஐரோப்பிய மொழிகளின் நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடைக்குள் வந்தன. அவற்றை முறையாக ஆண்டு பரவச் செய்தவர்களுள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822 - 1879) முதன்மையானவர். அவர் பதிப்பித்த நூல்களும் எழுதிய பாடநூல்களும் தமிழ் உரைநடைக்குத் தெளிவைத் தந்தன.

அவ்வாறு வந்த குறிகளுள் வியப்புக்குறி தமிழில் இரண்டு பணிகளை ஏற்றுக்கொண்டது. வியப்பு, உவகை, அவலம் முதலிய உணர்ச்சிகளைக் காட்டும்போது அது வியப்புக்குறி. ஒருவரை அழைக்கும் சொல்லின்பின் வரும்போது விளிக்குறி. "என்னே மலையின் அழகு!" என்பதில் உள்ளதும் "அவைத்தலைவீர்!" என்பதில் உள்ளதும் வடிவால் ஒன்றே, பணியால் வேறு. ஆகவே "ஐயா!" என்று மடலைத் தொடங்கும் தமிழர் கூச்சலிடவில்லை, இலக்கணப்படி அழைக்கிறார். செருமானிய மொழியிலும் மடலின் தொடக்க விளிக்குப்பின் இக்குறியை இடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பின்னர் அங்கே காற்புள்ளி அவ்விடத்தைப் பிடித்தது.

குறியின் பொருள் நிலையானது அன்று. இடத்துக்கு இடம் மாறுவது. பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் 5! என்று எழுதினால் அங்கே வியப்பு எதுவும் இல்லை; 5 × 4 × 3 × 2 × 1 = 120 என்பதே அதன் பொருள். முக்கோணத்துக்குள் அதே குறியை வரைந்தால் அபாய எச்சரிக்கை. ஒரே கோடும் புள்ளியும் அழைக்கவும் எச்சரிக்கவும் பெருக்கவும் மகிழவும் பயன்படும்போது, எவ்விடத்தில் எதற்காக இடுகிறோம் என்ற தெளிவு எழுதுவோருக்கு இருந்தாக வேண்டும்.

தமிழ் உணர்ச்சியைச் சொன்ன முறை

குறி இல்லாத காலத்தில் தமிழ் உணர்ச்சியற்றதாகவா இருந்தது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தது. அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. அவ்வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறது அந்நூல். முன்பு காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று மற்றொன்றாக ஆவது ஆகியவற்றைக் கண்டபோதுதான் மனம் வியக்கிறது. இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் மின்னஞ்சல்களைப் பாருங்கள். "கோப்பை இணைத்துள்ளேன்!" என்னும் தொடரில் புதுமை எது? பெருமை எது?

உணர்ச்சியைத் தாங்கும் உறுப்புகள் தமிழ்ச் சொல்லமைப்பிலேயே உள்ளன. 'ஏ' என்னும் இடைச்சொல் ஒரு கருத்தை உறுதிப்படுத்தும். பலவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டும். "நீங்கள்தாமே வழிகாட்டினீர்கள்" என்பதில் நன்றி கலந்த உரிமை ஒலிக்கிறது. 'ஓ' ஐயத்தையும் வினாவையும் சிறப்பையும் காட்டும். 'வாழ்க', 'வருக', 'அருள்க' என்னும் வியங்கோள் வினைமுற்றுகள் வாழ்த்தையும் வேண்டுதலையும் தம்முள்ளேயே கொண்டவை. விளி வேற்றுமை அழைப்புக்கென்றே அமைந்தது. சொல்லை அடுக்கியும் தமிழ் உணர்ச்சியைக் காட்டியது. அந்த அடுக்குக்கும் அளவு உண்டு. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறைவரை அடுக்கி வரலாம் என எல்லை வகுத்தது பவணந்தியாரின் நன்னூல். உணர்ச்சி மிகும் இடத்திலும் எல்லை வேண்டும் என்று கருதிய மரபு நம்முடையது.

திருவள்ளுவர் 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரம் தந்தார். அவரே 'பயனில சொல்லாமை' என்று வேறோர் அதிகாரமும் தந்தார். இனிமை வேண்டும், வெறுமை வேண்டா. அலுவல் மடலுக்கு இவ்விரண்டையும்விடச் சிறந்த இலக்கணம் வேறு உண்டோ?

குரலில்லா மடலின் குறை

வியப்புக்குறியை ஆதரிப்போர் கூறும் காரணத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. நேரில் பேசும்போது "சரி" என்னும் ஒரு சொல்லை நூறு விதமாகச் சொல்லலாம். தலையசைப்பும் புன்னகையும் குரலின் ஏற்ற இறக்கமும் அதன் பொருளைக் காட்டிவிடும். திரையில் வரும் "சரி." என்பதோ ஊமையாக நிற்கிறது. அதை அனுப்பியவர் மகிழ்ந்தாரா, சலித்தாரா, சினந்தாரா என்று பெற்றவர் குழம்புகிறார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் புன்னகைதான் வியப்புக்குறி என்பது அவர்கள் வாதம்.

இக்குறை மின்னெழுத்தின் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் கணினி வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அடுத்த பதினோரு ஆண்டுகளுக்குள், எழுதியது நகைச்சுவை என்பது பிறருக்குப் புரியாமல் போகும் சிக்கல் எழுந்தது. அதைத் தீர்க்க அமெரிக்கப் பேராசிரியர் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பரில் முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறை அடைப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சிரிக்கும் முகம் ஒன்றை முன்மொழிந்தார். இன்றைய உணர்ச்சிப் படங்களுக்கு அதுவே முன்னோடி. எழுத்துக்கு முகம் வேண்டும் என்னும் ஏக்கம் உண்மையானது.

ஆயினும், குரலில்லாத மடல் மின்னஞ்சலோடு தோன்றியது அன்று. தந்தி அதைவிடக் குரலற்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுத்து அனுப்பிய அம்மடலில் வியப்புக்குறிக்கு இடமே இல்லை. வாழ்த்துத் தந்திகளில் வாழ்த்துச் செய்திகளுக்கு எண்கள் இருந்தன. அனுப்புவோர் எண்ணைச் சொன்னால் போதும், அதற்குரிய வாழ்த்துத்தொடர் போய்ச் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வரும்வரை அந்த வறண்ட வரிகளைப் படித்து மகிழ்ந்தவர்களும் கலங்கியவர்களும் எத்தனையோ பேர். பழைய தட்டச்சுப்பொறிகள் பலவற்றில் இக்குறிக்குத் தனி விசையே இல்லை. மேற்குறியை அடித்து, ஒருபடி பின்னே நகர்த்தி, அதன் அடியில் புள்ளி இட வேண்டும். மூன்று செயல்களைச் செய்தால்தான் ஒரு வியப்பு பிறக்கும். அத்தனை உழைப்புக்கு ஈடான வியப்பு இது தானா என்று தட்டச்சு செய்பவர் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருப்பார். இன்று அந்தக் கணம் இல்லை. விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் குறிகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

விலை குறையும் நாணயம்

எளிதில் கிடைப்பது விரைவில் மதிப்பிழக்கும். எல்லா வரியிலும் வியப்புக்குறி இட்டால், எந்த வரியில் உண்மையில் வியக்கிறோம் என்பதைக் காட்ட வழி இல்லாமல் போகும். ஒரு குறி போதாமல் இரண்டு. இரண்டும் பழகியபின் மூன்று. இது விலை குறையும் நாணயத்தின் கதை. இதில் இன்னொரு கேடும் உண்டு. நாம் ஒருவருக்கு நாள்தோறும் "நன்றி!" என்று எழுதிப் பழகியபின், ஒரு நாள் அவசரத்தில் "நன்றி." என்று எழுதினால் அவர் மனம் துணுக்குறுகிறது. குற்றமற்ற முற்றுப்புள்ளியைச் சினத்தின் அடையாளமாக ஆக்கியது யார்? குறியை அளவின்றி இறைத்த நாம்தான்.

தொழிலில் இதன் விளைவு இன்னும் கூர்மையானது. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். 40ஆம் நம்பர் நூல் கேட்டவருக்கு 60ஆம் நம்பர் நூல் போகவிருக்கிறது. வண்டி புறப்படும் முன் தடுத்தாக வேண்டும். "உடனே நிறுத்துக!" என்னும் மடலில் அந்தக் குறி தன் கடமையைச் செய்ய வேண்டிய இடம் அது. ஆனால் அன்று காலையிலிருந்து "வணக்கம்!", "கிடைத்தது!", "பார்க்கிறேன்!" என்று பத்து மடல்களைப் படித்த கண், பதினோராவது மடலின் குறியையும் வாழ்த்தாகவே கடந்துபோகக்கூடும். எச்சரிக்கை மணியை வாயில்மணியாகப் பயன்படுத்தினால், தீப்பற்றும் நாளில் எதை அடிப்பது?

பின்வரும் இரு மடல்களை ஒப்பிடுங்கள். துணிப்பொதி பெற்ற ஒருவர் எழுதுகிறார்: "பொதிகள் வந்துவிட்டன! மிக்க நன்றி!! அடுத்த ஆணையை விரைவில் அனுப்புகிறோம்!!!" வேறொருவர் எழுதுகிறார்: "பொதிகள் பத்தும் நேற்றுக் காலை குறைவின்றி வந்து சேர்ந்தன. மழையிலும் சொன்ன நாளில் அனுப்பி வைத்தீர்கள்; நன்றி. அடுத்த ஆணை வெள்ளிக்கிழமைக்குள் உங்களை வந்தடையும்." முதல் மடலில் ஆறு குறிகள் இருக்கின்றன; இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. ஆயினும் எந்த மடல் அனுப்பியவரின் உழைப்பைக் கண்டுகொண்டது? எந்த மடலை மடித்துவைத்து மகிழத் தோன்றும்? மழையைக் குறிப்பிட்ட அந்த ஒரு சொல்லில் இருக்கும் கனிவு, ஆறு குறிகளிலும் இல்லை. கனிவு என்பது கவனித்தல், கவனித்ததைச் சொல்லுதல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இதற்கு நல்ல உவமை. பாலை நெடுநேரம் கிளறிச் சுண்டவைப்பதால் வருவது அதன் சுவை. சர்க்கரை வேண்டியதுதான். ஆனால், பாலைச் சுண்டவைக்கப் பொறுமை இல்லாமல் சர்க்கரையைக் கூட்டினால் இனிப்பு மிகும். பால்கோவாவின் மணம் வராது. சொல்லைச் சுண்டவைக்கும் உழைப்பைத் தவிர்த்துக் குறியைக் கூட்டுவதும் அப்படிப்பட்டதே.

புன்னகைக்கும் கடமை யாருடையது?

இக்கட்டுரையின் முதன்மையான கவலை இனித்தான் வருகிறது. அலுவலகங்களில் வியப்புக்குறியை மிகுதியாக இடுபவர் யார்? பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பயிற்சியில் இருப்பவர், வேலை கேட்டு எழுதுபவர், பல இடங்களில் பெண். மேலதிகாரி "சரி." என்று ஒற்றைச் சொல்லை அனுப்பலாம், அதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. கீழே இருப்பவர் அதே சொல்லை அனுப்பினால் "பணிவில்லை" என்ற பேச்சு எழும். ஆகவே அவர் தம் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு புன்னகையைக் கட்டணமாகச் செலுத்துகிறார்.

கரோல் வாசெலெஸ்கி என்பவர் மின்னஞ்சல்வழிக் கலந்துரையாடல்களில் வந்த வியப்புக்குறிகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பெண்களே அக்குறியை மிகுதியாக இடுகின்றனர் என்பது அதில் தெரியவந்தது. ஆனால் அது உணர்ச்சிவயப்படுதலின் அடையாளம் என்ற பழைய எண்ணத்துக்கு அவ்வாய்வில் சான்று கிடைக்கவில்லை. அவை பெரும்பாலும் நட்பைக் காட்டவும் செய்தியை வலியுறுத்தவுமே வந்திருந்தன. அதாவது, அக்குறியை இட்ட பெண்கள் கட்டுப்பாடு இழந்தவர்கள் அல்லர். உரையாடல் இனிதாக நடக்க வேண்டும் என்னும் பொறுப்பைச் சுமந்தவர்கள். இரு பக்கமும் அவர்களுக்கு இடர் இருக்கிறது. குறி இட்டால் "முதிர்ச்சி இல்லை" என்பார்கள். இடாவிட்டால் "கடுமையானவர்" என்பார்கள்.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தமிழ்வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு இந்தச் சுமை இரு மடங்கு. அவர்கள் மடல் எழுத வேண்டியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அம்மொழியின் நயங்கள் கைவராத நிலையில், தாம் மரியாதைக் குறைவாக எழுதிவிட்டோமோ என்னும் அச்சத்தை வியப்புக்குறியைக் கொண்டு ஆற்றிக்கொள்கிறார்கள். அக்குறியைக் கண்டு எள்ளி நகையாடுவது எளிது. அதன் பின்னே இருப்பது அறியாமை அன்று, அச்சம் என்பதைக் காண்பதே அறம்.

எனவே, "வியப்புக்குறியே கூடாது" என்று விதி செய்வது தீர்வாகாது. அவ்விதி மேலே இருப்பவரை ஒன்றும் செய்யாது. கீழே இருப்பவரிடம் இருந்த ஒரே கேடயத்தையும் பறித்துவிடும். மாறாக, அந்தக் கேடயம் தேவைப்படாத சொல்வன்மையை அவர்களுக்குத் தருவதே கல்வியின் கடமை. அதே வேளையில், மேலே இருப்போர் தம் ஒற்றைச் சொல் மடல்களோடு இன்னும் ஒரு தொடரைச் சேர்த்து எழுதக் கற்க வேண்டும். "சரி, அறிக்கை தெளிவாக இருக்கிறது" என்பதில் கூடுதலாக மூன்றே சொற்கள் உள்ளன. அதைப் பெறும் புதியவரின் ஒரு நாளையே அம்மூன்று சொற்கள் மாற்றிவிடும்.

எங்கே வேண்டும், எங்கே வேண்டா

குறிக்கு உரிய இடங்கள் உள்ளன. ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரின் தெருக்களில் கட்டப்படும் வரவேற்புப் பதாகையில் "வருக! வருக!" என்று இருப்பது அழகு. அது திரளை நோக்கிய குரல். தொலைவிலிருந்தும் கேட்க வேண்டிய குரல். மேடைப் பேச்சின் விளிகளுக்கும் அது பொருந்தும். அலுவல் மடலிலும், உடன் பணியாற்றுபவர் தேர்வில் வென்றார் என்றால் "வாழ்த்துகள்!" என்று எழுதலாம், புதிதாக வந்தவரை "வருக!" என்று வரவேற்கலாம். அங்கே மகிழ்ச்சி உண்மையானது. குறி அதற்குத் துணை. தமிழ் மடலின் தொடக்கத்தில் "அன்புடையீர்!" என விளிக்குறி இடுவதும் முறையே. ஒன்றே போதும் என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

குறி வரவே கூடாத இடங்களும் உள்ளன. மன்னிப்புக் கேட்கும்போது அதை இட்டால் வருத்தம் கேலியாகிவிடும்: "தாமதத்துக்கு வருந்துகிறோம்!" என்பது வருந்தும் குரலாக ஒலிக்கிறதா? நிலுவைத் தொகையை நினைவூட்டும்போது இட்டால் மிரட்டலாகும். வேண்டுகோளை மறுக்கும்போது இட்டால் மறுத்ததில் மகிழ்வதுபோல் தோன்றும். இரங்கல் மடலில் அமைதியே சிறந்த குறி. தொகை, அளவு, நாள் ஆகியவற்றின் அருகில் அது தெளிவைக் கெடுக்கும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப்பின் அரசு அலுவலகங்களில் வளர்ந்த தமிழ்க் கடித மரபைப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என முறைப்பட அமையும் அம்மடல் வியப்புக்குறி இன்றியே ஆணையிடுகிறது, இசைவு தெரிவிக்கிறது, பாராட்டவும் செய்கிறது. அதன் வறட்சியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அதன் தெளிவைப் பின்பற்றலாம்.

ஐயம் எழும்போது ஓர் எளிய தேர்வைச் செய்து பார்க்கலாம். எழுதிய மடலிலுள்ள வியப்புக்குறிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு வாய்க்குள் ஒருமுறை படியுங்கள். மடல் இப்போதும் கனிவாக ஒலித்தால் குறிகள் தேவையில்லை. கடுமையாக ஒலித்தால் குறை சொல்லில் இருக்கிறது. குறியை மீண்டும் இடுவதற்கு முன் சொல்லைத் திருத்துங்கள். "அனுப்பவும்" என்பதை "அனுப்பி உதவ வேண்டுகிறேன்" என்று மாற்றுங்கள். "நன்றி" என்பதோடு எதற்காக நன்றி என்பதைச் சேருங்கள். பெற்றவரின் பெயரைச் சொல்லி அழையுங்கள். இவற்றைச் செய்தபின்னும் உங்கள் மனம் ஒரு குறியை விரும்பினால், அது உண்மையான உவகையாகத்தான் இருக்கும்; தயங்காமல் இடுங்கள்.

படிப்பவரின் பங்கு

மடல் என்பது எழுதுபவர் ஒருவரால் முடிவதன்று. படிப்பவரும் அதில் பாதி. ஓலைச்சுவடியைப் படித்தவர்கள் குறியின்றிப் பொருள் கண்டனர். எழுதியவரின் மனத்தை அறிய முயன்று படித்தனர். அந்தப் பொறுமையில் ஒரு சிறு பங்காவது நமக்கு வேண்டும். முற்றுப்புள்ளியைச் சினம் என்றும், வியப்புக்குறியைச் சிறுபிள்ளைத்தனம் என்றும் உடனே தீர்ப்பளிப்பதை நிறுத்தலாம். எழுதியவர் வேலை நெருக்கடியில் இருந்திருக்கலாம். அவருக்கு அம்மொழி புதிதாக இருக்கலாம். நம்மைப் புண்படுத்திவிடக் கூடாது என்று அஞ்சியே அந்தக் குறியை இட்டிருக்கலாம்.

வியப்புக்குறி நம் பகை அன்று. வியப்பதற்கு உலகில் எவ்வளவோ இருக்கின்றன. மேகமலையின்மேல் இறங்கும் முகில், பஞ்சு நூலாகும் விந்தை, சிறுவயதிலேயே பெருங்கவிதை பாடிய ஒரு பெண்ணின் குரல் ஆகியவற்றின் முன்னே மனம் வியக்கட்டும். கை குறியை இடட்டும். கோப்பை இணைத்ததற்கும் கூட்டம் மூன்று மணிக்கு என்பதற்கும் அதைச் செலவிட வேண்டா. நாளை நீங்கள் எழுதப் போகும் முதல் அலுவல் மடலில் உங்கள் மதிப்பைக் காப்பவை நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொற்களே. அவற்றை நம்புங்கள், அவற்றில் இருக்கட்டும் உங்கள் கனிவு.